சாப்பாட்டின் கலோரி எவ்வளவு உடம்பாகிறது? கையால் கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 35 கிராம் வேர்க்கடலை கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் எத்தனை கிலோ கூடும்? அந்த எடை உடம்பில் எவ்வளவு இடம் பிடிக்கும்? இடுப்பைச் சுற்றி நாடா எத்தனை சென்டிமீட்டர் நீளும்? பள்ளிக்கூட இயற்பியலும் செல்போன் கால்குலேட்டரும் போதும், இந்த மூன்றுக்கும் விடை கண்டுவிடலாம். விடை கிராம் சுத்தமாக வராது. ஆனால் ஒரு கிலோவா, ஐந்து கிலோவா, இருபது கிலோவா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். எடை பற்றி நம்மைச் சுற்றி நடக்கும் பேச்சில் பாதி இந்த அளவுகூடத் தெரியாமல்தான் நடக்கிறது.

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உணவின் ஆற்றல் எடையாக மாறுவதில்லை. எடை அணுக்களிலிருந்து வருகிறது: சோற்றில் உள்ள கார்பன், பருப்பில் உள்ள நைட்ரஜன், குடிக்கிற தண்ணீர். ஆற்றல் இருப்பது அந்த அணுக்களின் பிணைப்புகளில். ஆகவே எப்போதும் இரண்டு கணக்குகள் எழுத வேண்டும், ஒன்று ஆற்றலுக்கு, இன்னொன்று பொருளுக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும்போதுதான் தவறான விடைகள் பிறக்கின்றன.

ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை வைத்து ஆற்றலை நேராக எடையாக மாற்றலாமே என்று சிலருக்குத் தோன்றும். போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு நாள் சாப்பாடு 2000 கிலோ கலோரி, அதாவது 83.68 லட்சம் ஜூல். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது 93 நானோகிராம். ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தத் தராசும் காட்டாத எடை இது. இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

படி 1: உணவின் ஆற்றலைக் கணக்கிடுவது

பாக்கெட்டில் 'கலோரி' என்று போட்டிருந்தால் அது கிலோ கலோரிதான். 1 கிலோ கலோரி என்பது 4184 ஜூல். பாக்கெட் இல்லாத உணவுக்கு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் வில்பர் அட்வாட்டர் வகுத்துத் தந்த எண்கள் இன்றும் போதும்: மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9 கிலோ கலோரி. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் புரதம், அரை கிராம் கொழுப்பு. கூட்டினால் சுமார் 350. எப்போதும் சமைக்காத அரிசியை நிறுத்துக் கணக்கிடுங்கள். சோறு எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பது பானைக்குப் பானை மாறும், தண்ணீருக்குக் கலோரி கிடையாது.

நம் 35 கிராம் வேர்க்கடலைக்கு இதே வழியில் சுமார் 200 கிலோ கலோரி வரும். கடைசி வரை இந்த எண்ணோடுதான் நடக்கப் போகிறோம்.

படி 2: ஒரு நாள் செலவு

ஆற்றல் அழிவதில்லை என்ற விதியைக் கண்டவர்களில் ஒருவர் ராபர்ட் மேயர், ஒரு கப்பல் மருத்துவர். 1840-இல் ஜாவாவில் மாலுமிகளின் சிரை இரத்தம் ஜெர்மனியில் பார்த்ததைவிடச் சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். வெப்பமான ஊரில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளக் குறைவாகவே எரிக்கிறது, அதனால் ஆக்சிஜன் மிச்சமாகிறது என்று யோசித்தார். அந்த யோசனை 1842-இல் ஆற்றல் பற்றிய கட்டுரையாக வந்தது. இயற்பியலின் அடிப்படை விதி ஒன்று உடம்பும் சாப்பாடும் பற்றிய கேள்வியிலிருந்து கிளம்பியது என்பது எனக்கு என்றும் வியப்பு.

சரி, செலவுக்கு வருவோம். 1932-இல் மேக்ஸ் கிளைபர் எலி முதல் எருது வரை பல உயிர்களின் ஓய்வுநிலைச் செலவை ஒரே கோட்டில் கொண்டுவந்தார். இன்று அதை இப்படி எழுதுகிறார்கள்: ஒரு நாள் ஓய்வுச் செலவு = 70 × எடையின் முக்கால் அடுக்கு. எடை கிலோவில், விடை கிலோ கலோரியில்.

முக்கால் அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம். எடைக்கு வர்க்கமூலம் எடுங்கள். அந்த விடைக்கு இன்னொரு முறை வர்க்கமூலம் எடுங்கள். இரண்டு விடைகளையும் பெருக்குங்கள், அவ்வளவுதான். 60 கிலோவுக்கு 7.746, அப்புறம் 2.783. பெருக்கினால் 21.56. அதை 70-ஆல் பெருக்கினால் 1509.

இது படுத்தே கிடந்தால் ஆகும் செலவு. நடமாட்டத்துக்காக 1.4 முதல் 2 வரை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். உட்கார்ந்த வேலைக்கு 1.4, வயலிலோ கட்டட வேலையிலோ உழைப்பவருக்கு 2-க்குப் பக்கம். நடுவில் 1.6 என்று எடுத்தால் ஒரு நாளைக்கு 2414 கிலோ கலோரி. இந்தியர்களுக்கு ஓய்வுச் செலவைச் சற்றுக் குறைத்து எடுப்பது வழக்கம், அதனால் 2200 முதல் 2400 என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நம் கணக்கில் இந்த எண்ணின் வேலை ஒன்றுதான். வரும் ஆற்றல் இதற்குச் சமமாக இருக்கும் வரை உடம்பின் அளவு மாறாது. 200 கூடினால் அந்த 200 மட்டுமே உடம்பாகத் தகுதி உள்ளது.

படி 3: மிச்சம் எத்தனை கிராம் ஆகும்?

மிச்சம் முழுதாகச் சேர்வதில்லை. உணவில் வரும் கொழுப்பைக் கொழுப்பாகவே சேமிக்க உடம்புக்கு மிகக் குறைந்த செலவுதான். மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றினால் கால் பங்கு வரை வெப்பமாகப் போய்விடும். கலவையான சாப்பாட்டுக்கு நூற்றுக்கு 85 சேரும் என்று எடுப்போம்.

30 நாள் × 200 = 6000. அதில் 85 சதவீதம் 5100 கிலோ கலோரி.

இதை எதால் வகுப்பது? அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கொழுப்புத் திசு சுத்தமான கொழுப்பு இல்லை. அதில் சுமார் 87 சதவீதம்தான் கொழுப்பு, மீதி தண்ணீரும் கொஞ்சம் புரதமும். 870 கிராமை 9-ஆல் பெருக்கினால் 7830. நடைமுறையில் 7700 என்று எடுக்கிறார்கள். 1958-இல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3500 என்று சொன்னதும் இதே எண்தான். ஆக, 5100 ÷ 7700 = 0.66 கிலோ. மாதம் 660 கிராம்.

தசையானால்? ஒரு கிலோ தசையில் ஏறத்தாழ 200 கிராம் புரதம், சிறிது கொழுப்பு, மீதி முக்கால்வாசி தண்ணீர். புரதத்தை முழுதாக எரித்தால் கிராமுக்கு 5.65 கிலோ கலோரி வரும். உடம்புக்குள் 4 மட்டும் கிடைப்பதற்குக் காரணம், நைட்ரஜன் யூரியாவாக வெளியேறும்போது கொஞ்சம் ஆற்றலையும் எடுத்துப் போவது. 200 × 5.65 = 1130. கொழுப்பையும் சேர்த்தால் கிலோவுக்குச் சுமார் 1300. அப்படியானால் 5100 ÷ 1300 = 3.9 கிலோ தசை!

மாதம் நாலு கிலோ தசை என்று விளம்பரம் செய்பவர்களின் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இப்போது பொருள் கணக்கைத் திறப்போம். 3.9 கிலோ தசைக்கு 780 கிராம் புரதம் வேண்டும். 35 கிராம் வேர்க்கடலையில் சுமார் 9 கிராம் புரதம், மாதத்துக்கு 270 கிராம். மற்ற சாப்பாட்டின் புரதம் தேய்மானத்துக்கே சரியாகப் போகிறது என்றால், வேர்க்கடலையின் புரதம் ஒரு கிராம் விடாமல் தங்கினாலும் 1.35 கிலோவுக்கு மேல் தசை கட்ட முடியாது. உண்மையில் அதில் சிறு பங்குதான் தங்கும், அதுவும் தசைக்கு வேலை கொடுத்தால்தான். ஆற்றல் கணக்கும் பொருள் கணக்கும் வெவ்வேறு விடை சொன்னால், எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கிலோ தசையில் முக்கால் கிலோ தண்ணீர். அதாவது எடையின் பெரும்பகுதி குழாயிலிருந்து வருகிறது, தட்டிலிருந்து இல்லை.

படி 4: மிச்சம் தானாகச் சுருங்குவது

மாதம் 660 கிராம் என்றால் வருடத்துக்கு 8 கிலோ, பத்து வருடத்தில் 80 கிலோ. இப்படி யாருக்கும் நடப்பதில்லை. பெரிய உடம்புக்குச் செலவும் பெரிது, அதனால் அதே 200 நாளாக ஆக மிச்சமாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. கலோரி கணக்குகளில் மிக அடிக்கடி விட்டுப்போகும் படி இது.

ஒரு கிலோ கூடினால் செலவு எவ்வளவு கூடும்? கிளைபர் விதியில் 60-க்குப் பதில் 61 போட்டுப் பாருங்கள். நடமாட்டத்தையும் சேர்த்தால் நாளுக்குச் சுமார் 30 கிலோ கலோரி அதிகமாகும். துல்லியமாகப் போட்டால் 30.1, எனவே 200 ÷ 30.1 = 6.6. எத்தனை வருடம் அந்த வேர்க்கடலையைச் சாப்பிட்டாலும் 6.6 கிலோவுக்கு அருகில் எடை நின்றுவிடும்.

எவ்வளவு வேகத்தில் அங்கே போகும் என்பதற்கு, மின்தேக்கி சார்ஜ் ஆவதற்குப் பயன்படும் அதே சமன்பாடு உதவும். ஒரு கிலோ சேர 7700 ÷ 0.85, அதாவது சுமார் 9060 கிலோ கலோரி வேண்டும். அதை 30-ஆல் வகுத்தால் 300 நாள். இதுதான் காலமாறிலி. 300 நாளில் இலக்கின் 63 சதவீதம், ஒரு வருடத்தில் 70 சதவீதம். 6.6-இல் 70 சதவீதம் 4.6 கிலோ.

2011-இல் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் லான்செட் இதழில் இதை மிக விரிவாகச் செய்து ஓர் எளிய விதி தந்தார்கள். தினமும் 100 கிலோஜூல் மாறினால் கடைசியில் சுமார் 1 கிலோ மாறும், பாதி ஒரு வருடத்தில், 95 சதவீதம் மூன்று வருடத்தில். நம் 200 கிலோ கலோரி என்பது 837 கிலோஜூல், அவர்கள் விதிப்படி 8.4 கிலோ. முதல் வருடத்தில் அதில் பாதி, 4.2. நாம் கையால் போட்டது 4.6. ஒரு வர்க்கமூலப் பொத்தானை வைத்து இவ்வளவு நெருங்கியது எனக்கு நிறைவாக இருக்கிறது. மொத்தத்திலும் வேகத்திலும் வித்தியாசம் இருக்கிறது, முதல் வருட விடை மட்டும் பொருந்துகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 5: கிலோவை அளவாக மாற்றுவது

இனி எல்லாம் வடிவியல். கொழுப்புத் திசுவின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.92 கிலோ. 4.6 ÷ 0.92 = 5 லிட்டர்.

இதை உடம்பு முழுவதும் சமமாகப் பூசினால் எவ்வளவு தடிமன் வரும்? தோலின் பரப்புக்கு மருத்துவமனைகளில் பயன்படும் மோஸ்டெல்லர் சூத்திரம்: உயரம் சென்டிமீட்டரில், எடை கிலோவில், இரண்டையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து வர்க்கமூலம். 165 செ.மீ., 60 கிலோவுக்கு 1.66 சதுர மீட்டர். 0.005 கன மீட்டரை அதால் வகுத்தால் 3 மில்லிமீட்டர். சுற்றளவு அதைப்போல 2π மடங்கு, அதாவது 19 மில்லிமீட்டர் கூடும். ஒரு வருடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லை.

ஆனால் கொழுப்பு சமமாகப் பரவாது. பாதி வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது என்று வையுங்கள்: 2.5 லிட்டர், 30 செ.மீ. உயரமும் 85 செ.மீ. சுற்றளவும் உள்ள ஒரு பட்டையின் மேல். பட்டையின் பரப்பு 0.255 சதுர மீட்டர். தடிமன் 9.8 மில்லிமீட்டர், சுற்றளவு 6 செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் கூடும். கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை செ.மீ. வரை என்று வருகிறது. வயிற்றில் சேரும் பங்கை உங்கள் உடல்வாகுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உடம்பு முழுவதும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் வேறு விதி, கனமூலம். எடை இரண்டு மடங்கானால் நீளம் 1.26 மடங்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஆண் குழந்தையின் நடு அளவு பிறக்கும்போது 3.3 கிலோ, 49.9 செ.மீ. மூன்று மாதத்தில் 6.4 கிலோ. 6.4 ÷ 3.3 = 1.94, கனமூலம் 1.247. நீளம் 62.2 செ.மீ. என்று கணக்கு சொல்கிறது, அட்டவணை சொல்வது 61.4. இந்த வயதில் உடம்பு உண்ணும் ஆற்றலில் வளர்ச்சிக்குப் போகும் பங்கும் மிகப் பெரிது. ஒரு மாதக் குழந்தைக்கு 35 சதவீதம் அளவுக்கு இருக்கும், ஒரு வயதில் 3 சதவீதமாக இறங்கிவிடும். இதை ரசித்துப் பார்க்கலாம், ஆனால் குழந்தையின் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ இந்தக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது.

படி 6: பல்லடத்துக் கோழியில் சோதித்துப் பார்ப்பது

தீவனத்தை உடம்பாக மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் கறிக்கோழி வளர்ப்பவர்கள். பல்லடம் பக்கம் எந்தப் பண்ணையில் கேட்டாலும் எஃப்.சி.ஆர். எவ்வளவு என்பதுதான் முதல் பேச்சு. ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்பது அதன் பொருள். 1.6 என்றால் நல்ல பேட்ச்.

40 கிராம் குஞ்சு 2 கிலோ கோழியாக, சுமார் 3.2 கிலோ தீவனம் போகிறது. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 3050 கிலோ கலோரி, மொத்தம் 9760. கோழியின் உடம்பில் 18 சதவீதம் புரதம், 13 சதவீதம் கொழுப்பு என்று எடுத்தால், 360 × 5.65 உடன் 260 × 9.4 (கொழுப்பை முழுதாக எரித்தால் கிராமுக்கு வரும் எண்) சேர்ந்து சுமார் 4480. ஆற்றலில் நூற்றுக்கு 46 உடம்பாகத் தங்கியிருக்கிறது. வளர்ந்த மனிதரில் தங்குவது பூஜ்யம் என்பதோடு ஒப்பிட்டால் இது அபாரமான எண்.

பொருள் கணக்கு இன்னும் சுவையானது. 3.2 கிலோ போட்டு 2 கிலோ வந்தது என்றால் மூன்றில் இரண்டு பங்கு கோழியாகிவிட்டது போல் தெரிகிறது. தீவனத்தில் ஈரம் பத்து சதவீதம்தான், காய்ந்த பொருள் சுமார் 2.9 கிலோ. கோழியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், காய்ந்த பொருள் 0.7 கிலோ. காய்ந்ததைக் காய்ந்ததோடு வைத்தால் கால் பங்குதான் உடம்பாகியிருக்கிறது. மீதி எச்சமாகவும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விட்டது. எஃப்.சி.ஆர். பண்ணைக்குச் சரியான எண், ஏனென்றால் வியாபாரி தண்ணீரோடு சேர்த்துத்தான் எடை போடுகிறார். எவ்வளவு உணவு உடம்பாகிறது என்று அறிய அது போதாது.

அளவு? எடை 50 மடங்கு, கனமூலம் 3.7. குஞ்சைவிடக் கோழி நீளத்தில் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல்.

மனிதர் இளைக்கும்போதும் இதே பொருள் கணக்குதான், எதிர்த் திசையில். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. ஆஸ்திரேலியாவின் மீர்மன், பிரவுன் இருவரும் 2014-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வியர்வையில் கொழுப்பு கரைகிறது என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

படி 7: திருப்பிப் போடுவது

இவ்வளவு உணவு எவ்வளவு பெரிய உடம்பைத் தாங்கும்? கிளைபர் விதியைத் திருப்புங்கள். ஒரு நாள் உணவை நடமாட்ட எண்ணால் வகுத்து, அதை 70-ஆல் வகுத்து, வரும் விடையை அதன் கனமூலத்தால் பெருக்குங்கள். 2000 ÷ 1.6 = 1250. அதை 70-ஆல் வகுத்தால் 17.86, அதன் கனமூலம் 2.61. பெருக்கினால் 46.7 கிலோ.

யானைக்குப் போடுவோம். 4000 கிலோ யானையின் ஓய்வுச் செலவு 35,200 கிலோ கலோரி. நடமாட்டத்துக்கு இரண்டால் பெருக்கினால் சுமார் 70,000. அது நாளுக்கு 150 கிலோ பசுந்தீவனம் தின்கிறது என்று வையுங்கள். கால் பங்கு காய்ந்த பொருள் என்றால் 37.5 கிலோ, கிலோவுக்கு 4400 வீதம் 1,65,000. யானையின் குடல் அதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது. 40 முதல் 45 சதவீதம் என்றால் 66,000 முதல் 74,000. இரண்டு தனித்தனி வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. கணக்கு சரியாகப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

60 கிலோ மனிதரைவிட அந்த யானை 67 மடங்கு கனம், ஆனால் ஓய்வுச் செலவு 23 மடங்குதான். மறுபக்கம், 20 கிராம் சுண்டெலிக்கு ஓய்வுச் செலவு 3.7 கிலோ கலோரி, கிராமுக்குக் கிராம் யானையைப்போல 21 மடங்கு. முக்கால் அடுக்கு ஏன் என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. தோல் பரப்பின் வழியே வெப்பம் போவதை மட்டும் வைத்தால் மூன்றில் இரண்டு அடுக்குதான் வர வேண்டும்.

படி 8: தராசோடு ஒத்துப் பார்ப்பது

மாதம் 660 கிராம் மாற்றத்தைத் தராசில் பிடிப்பது எளிதில்லை. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆகவே கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடுவதும், ஒரு நாள் விரதத்தில் ஒரு கிலோ இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். உப்பும் இதையே செய்யும். ஒரு கிலோ கொழுப்புத் திசு சேர 9000 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்று பார்த்தோம், ஒரு விருந்தில் அது நடக்காது.

எனவே தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரி எடுங்கள். முதல் வாரச் சராசரியையும் ஐந்தாம் வாரச் சராசரியையும் ஒப்பிடுங்கள். இடுப்பளவை ஒரே இடத்தில், மூச்சை விட்ட நிலையில் எடுங்கள். கணக்கு 660 கிராம் சொல்ல, தராசு ஒன்றரை கிலோ காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது படி 1-ஐ, அதிலும் எண்ணெயை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், 125 கிலோ கலோரி. தாளிக்கும்போது கண்ணளவில் ஊற்றும் எண்ணெயை ஒரு வாரம் அளந்து ஊற்றிவிட்டு, மறுபடி படி 1-இலிருந்து போடுங்கள்.